அறுபத்து மூன்று சுகப்பிரசவங்கள்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாரி தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னதாக, மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குக் கொழும்பிலிருந்து ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. தலையணை அளவு கனம். மனிதனுக்கு வரக்கூடிய நோய்நொடிகள் அனைத்துக்கும் அதில் ஒவ்வோர் இலக்கம் கொடுத்திருந்தார்கள். முதலை கடித்தால் ஓர் இலக்கம். மரத்திலிருந்து விழுந்தால் ஓர் இலக்கம். சட்டத்தின்படி சுடப்பட்டால் ஓர் இலக்கம், யுத்தத்தில் சுடப்பட்டால் வேறோர் இலக்கம். பதிவேட்டறை எழுதுநர் கனகசிங்கம், கடைசி இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார். வாயை மூடிக்கொள்வதில் அவருக்கு இருபத்திரண்டு வருட சேவை இருந்தது.

பெரியகல்லாற்றிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து போகிறவர் அவர். வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். மூன்றிலும் இறங்கி, நடந்து, மறுபடி ஏறவேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை எளிமையானது. நோயாளி வீடு போகும்போது டொக்டர் துண்டில் எழுதியிருக்கும் நோயைப் பார்த்து, புத்தகத்தில் அதற்குரிய இலக்கத்தைத் தேடிப் போடவேண்டும். மாத முடிவில் எந்த இலக்கம் எத்தனை என்று கூட்டி அனுப்பவேண்டும். அதைப் பார்த்துத்தான் இந்த மாவட்டத்தில் என்ன நோய் இருக்கிறது என்று கொழும்பு முடிவு செய்யும்.

மருத்துவ அத்தியட்சகர் டொக்டர் வினாயகமூர்த்திக்குப் புத்தகம் வந்ததில் பெரிய சந்தோஷம். பாதி மருந்து இல்லை, டொக்டர்மார் போதாது, மின்சாரம் தான் நினைத்த நேரத்துக்கு வரும்; ஆனால் புத்தகம் வந்துவிட்டது. ஊழியர் கூட்டத்தில் அதை இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டினார்.

"இனி இந்த ஆஸ்பத்திரியில் குறியீடு இல்லாத நோயாளி ஒருவரும் இருக்கக் கூடாது. நோயாளி சுகமாகிப் போகலாம், சுகமாகாமலும் போகலாம். அது அவரவர் விதி. ஆனால் குறியீட்டோடு போகவேண்டும். அது நம்முடைய கடமை."

கார்த்திகை பிறந்ததும் காய்ச்சல் வந்தது. கடற்கரைப் பக்கம் தொடங்கி, வாவியைத் தாண்டி, படுவான்கரை வரைக்கும் ஒரே வீச்சில் போனது. மூன்று நாள் காய்ச்சல், பிறகு மூட்டு உழைவு. வலை வீசுகிறவன் தோளைத் தூக்க முடியாமல் தோணிக்குள் குந்தியிருந்தான். வயல் வட்டைக்குப் போனவன் வரம்பில் உட்கார்ந்தால் இரண்டு பேர் பிடித்துத்தான் எழுப்பவேண்டும். சோதனைச் சாவடி வரிசைகளில் சனம் முழுவதும் கூனிக்குறுகி நிற்க, ஊரே யாருக்கோ பணிந்துவிட்டது போலிருந்தது.

வானொலி அதற்குச் சிக்குன்குன்யா என்று பெயர் சொன்னது. 'சிக்கன் எண்டா கோழி, குனியா எண்டா குனிய ஏலா' என்று ஓட்டமாவடிச் சந்தையில் யாரோ விளக்கம் கொடுத்துவிட்டார்கள். ஒரு கிழமைக்குள் கோழி வியாபாரம் படுத்தது. அந்த மாரியில் மாவட்டத்தில் நிம்மதியாக உறங்கியவை கோழிகள் மட்டும்தான்.

புத்தகத்தில் அந்த நோய்க்கும் இலக்கம் இருந்தது. ஏ 92.0. கனகசிங்கம் தேடிக் கண்டுபிடித்து முதல் பன்னிரண்டு துண்டுகளில் எழுதினார். அடுத்த நாள் அத்தியட்சகர் கூப்பிட்டனுப்பினார்.

"இதை ஆர் உறுதிப்படுத்தினது?"

"டொக்டர் எழுதியிரிக்கார் சேர்."

"டொக்டர் கேள்விக்குறி போட்டல்லவா எழுதியிரிக்கார். கேள்விக்குறிக்குக் குறியீடு இல்லை. கொழும்பு ஆய்வுகூடம் உறுதிப்படுத்தினாப் பிறகுதான் தொண்ணூற்றிரண்டு. அதுவரைக்கும் எல்லாருக்கும் ஆர் 50.9."

ஆர் 50.9 என்றால் 'காரணம் அறியப்படாத காய்ச்சல்'.

ஆய்வுகூடத்துக்கு இரத்தம் அனுப்பினார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பிய இரத்தத்தை ஒவ்வொரு சாவடியிலும் திறந்து பார்த்தார்கள். பொலனறுவையைத் தாண்டுவதற்குள் ஐஸ் தண்ணீராகி, இரத்தம் கெட்டுவிட்டது. 'மாதிரி பழுதடைந்துள்ளது, மீண்டும் அனுப்புக' என்று மூன்று தடவை பதில் வந்தது. நான்காவது தடவை இரத்தம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கும் பதில் வந்தது: 'படிவத்தில் உறுதிப்படுத்தப்பட்ட நோய்க் குறியீடு எழுதப்படவில்லை. குறியீடு இல்லாத மாதிரிகள் பரிசோதிக்கப்பட மாட்டா.'

கனகசிங்கம் அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தார். அத்தியட்சகர் ஒரே முறை வாசித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிரிக்காங்க," என்று கோப்பில் போடச் சொன்னார்.

அந்த மாத அறிக்கையில் காரணம் அறியப்படாத காய்ச்சல் ஆயிரத்து நூற்று நாற்பது, சிக்குன்குன்யா பூச்சியம். பூச்சியம் என்றபடியால், கடித்து நோய் பரப்பும் நுளம்புக்குப் புகை அடிக்கும் மெஷின் கிடைக்கவில்லை. மார்கழியில், குறியீடுகளின் தரத்தைப் பார்க்கவென்று ஒரு பிரதிப் பணிப்பாளர் ஹெலிகொப்டரில் வந்து இறங்கினார். பூச்சியத்தைப் பார்த்துப் பாராட்டினார். ஒரு குறையும் சொன்னார்.

"நுளம்பு எந்தப் பிரதேசத்தில் கடித்தது என்ற விபரம் இதில் இல்லையே? வாவிக்கு இந்தப் பக்கம் விடுவிக்கப்பட்ட பகுதி. அந்தப் பக்கம் விடுவிக்கப்படாத பகுதி. அங்கே கடித்த நுளம்பை அரசாங்கத்தின் நுளம்பாக எப்படி ஏற்றுக்கொள்வது? நாளைக்கு யாராவது கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?"

படிவத்தில் இடம் இல்லை என்று கனகசிங்கம் மெல்லச் சொன்னார். பிரதிப் பணிப்பாளர் பேனாவை எடுத்து, 'ஆண்/பெண்' என்றிருந்த நிரலைக் கோடு போட்டு வெட்டினார். அந்த இடத்தில் 'கடித்த பிரதேசம்' என்று எழுதினார்.

"காய்ச்சல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே," என்றார்.

அன்றிலிருந்து கனகசிங்கம் ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்கவேண்டியிருந்தது.

"நுளம்பு எங்க கடிச்ச?"

"கரண்டைக் காலில ஐயா."

"அதில்ல. எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

அப்படிக் கேள்வி கேட்கப்பட்டவர்களில் ஒருவர்தான் கரடியனாற்றில் நெல் விதைக்கும் கமக்காரர் கோணாமலை. ஐம்பது வயது. ஒரு கிழமை வாட்டில் கிடந்துவிட்டு, கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாத நிலையில் வீட்டுக்குப் புறப்பட்டார். கனகசிங்கம் அவருடைய அட்டையில் விதிப்படி 'ஆர் 50.9, காரணம் அறியப்படாதது' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

பாலத்தடிச் சாவடியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். கோணாமலையால் தூக்க முடியவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னார்கள். அவர் அட்டையை நீட்டினார். அங்கே ஓர் இளம் லெப்டினன் இருந்தார். தமிழைப் புத்தகத்தில் படித்துக்கொண்டவர், மிகவும் மரியாதையானவர். அட்டையை வாசித்துவிட்டு, "உங்களுடைய காரணம் என்ன?" என்று கேட்டார். கோணாமலை தனக்குத் தெரியாது என்றார். பின்னால் வந்த மனைவி இராசாத்தி, ஆஸ்பத்திரிக்கே தெரியாது என்று சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தெரியவில்லை என்றால், நாங்கள் தெரிந்துகொள்ள முயற்சி செய்வோம்," என்றார் லெப்டினன். கோணாமலையை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

இராசாத்தி வந்த வழியே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். அத்தியட்சகர் அவளுடைய கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, குறியீட்டில் ஏதும் பிழை இருக்கா?"

"எனக்கு அதெல்லாம் விளங்காது ஐயா. என்ட மனிசன் உள்ளுக்க இரிக்கார்."

"குறியீடு சரி. குறியீடு சரி எண்டா ஆஸ்பத்திரியின் கடமை முடிஞ்சுது."

அவள் அங்கிருந்து பதிவேட்டறைக்கு வந்தாள். அழவில்லை. கனகசிங்கத்தின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காரணத்த எழுதித் தாங்க ஐயா. ஒரு காரணத்த எழுதுங்க. என்ன காரணமெண்டாலும் பரவாயில்ல."

 குறியீட்டு விதிகள் பற்றிய முப்பத்து நாலு பக்கச் சுற்றறிக்கை மேசையில் கிடந்தது. கனகசிங்கம் அதைத் தூக்கி மேசை இலாச்சிக்குள் வைத்தார். புது அட்டை ஒன்றை எடுத்து, கோணாமலையின் பெயரை எழுதி, 'ஏ 92.0' என்று போட்டார். 'ஆய்வுகூட உறுதிப்படுத்தல் இலக்கம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், மனப்பாடமாக இருந்த தன்னுடைய சைக்கிள் லைசன் இலக்கத்தை எழுதினார். முத்திரையை இரண்டு தடவை குத்தினார். இராசாத்தி அதை எடுத்துக்கொண்டு சாவடிக்கு ஓடினாள்.

நாலாம் நாள் கோணாமலையை விட்டார்கள். கை முன்னரும் எழும்பவில்லை, இப்போதும் எழும்பவில்லை. ஆனால் இப்போது எழும்பாததற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்துக்கும் புத்தகத்தில் இலக்கம் உண்டு. எந்தப் பக்கத்தில் என்றும் கனகசிங்கத்துக்குத் தெரியும். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

செய்தி வாவியின் இரண்டு கரையிலும் பரவியது. 'தொண்ணூற்றிரண்டு இருந்தால் விடுவார்கள்.' மறுநாள் முதல் பதிவேட்டறை வாசலில் ஆட்கள் நின்றார்கள். காய்ச்சல்காரரும் வந்தார்கள், காய்ச்சலே வராத இளம்பெடியன்களும் வந்தார்கள். "ஒரு தொண்ணூற்றிரண்டு போட்டுத் தாங்க ஐயா," என்று கேட்டார்கள். அக்கரையில் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவரைக் கேட்டு வந்தவர்களும், ஆளை முடக்கும் காய்ச்சலின் இலக்கம் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்களாம். யுத்தம் செய்த இரண்டு பகுதியினரும் ஒரே சமயத்தில் ஏற்றுக்கொண்ட ஆவணம் அந்தக் காலத்தில் அது ஒன்றுதான்.

கனகசிங்கம் எழுதினார். சைக்கிள் இலக்கத்தை முன்னும் பின்னுமாக மாற்றி எழுதி முடிந்ததும் மச்சானுடைய சைக்கிள் இலக்கத்தை எழுதினார். அத்தியட்சகர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டத்தில் இலக்கம் இருந்தது. அதற்குமேல் கேட்பது அவருடைய வழக்கமில்லை. தை மாத அறிக்கையில் சிக்குன்குன்யா இருநூற்றுப் பத்தாக ஏறியது. புகை மெஷினும் வந்தது. புகைக்குள் யாராவது ஒளிந்து வரலாம் என்று பாலத்தடி முகாம் அதற்குத் தடை போட்டது. மெஷினைப் பதிவேட்டறை மூலையில் வைத்தார்கள். அதன் தண்ணீர்த் தாங்கியில் நுளம்பு பெருகியது.

ஒரு வெள்ளிக்கிழமை லெப்டினன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அத்தியட்சகருக்கு வணக்கம் சொன்னார்.

"ஏ 92.0 குறியீடு உள்ளவர்களில், பதினெட்டு வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரையான ஆண்களின் பெயரும் விலாசமும் தேவை. திங்கட்கிழமை போதும்."

அவர் போனபிறகு அத்தியட்சகர் கனகசிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இருபது வருஷமா அறிக்கை அனுப்புறன் கனகசிங்கம். ஒரு மனிசன், ஒரே ஒரு மனிசன், இண்டைக்குத்தான் நம்முடைய தரவைக் கேட்டு வந்திருக்கிறான். வடிவாத் தட்டச்சு செய்து குடுங்க."

கனகசிங்கம் அட்டைகளைப் பிரித்தார். அந்த வயதில் அறுபத்து மூன்று பேர். சிலருக்கு உண்மையான காய்ச்சல். சிலருக்கு அவரே கொடுத்த காய்ச்சல். விலாசங்களைப் பார்த்துக்கொண்டே போனார். களுவாஞ்சிக்குடி. ஏறாவூர். கரடியனாறு. பெரியகல்லாறு, அவருடைய ஒழுங்கையிலேயே மூன்று வீடு. இவர்கள் காணாமல் போகாதிருக்கவென்று எழுதிய இலக்கம், இப்போது இவர்களை ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தது. கட்டியது தன் கை என்று நினைத்தபோது பேனாவை மூடிவைத்தார்.

சனிக்கிழமை காலையில் பிரசவ வாட்டு மருத்துவமாது ஸஹீதா பதிவேட்டறைக்கு வந்தாள். ஏறாவூர்க்காரி. பதினெட்டு வருட சேவை. கதவைச் சாத்திவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அந்தப் பட்டியலில என்ட தம்பி அஹமட்டும் இரிக்கானா சேர்?"

"இரிக்கான் மிஸ்ஸி. இருபத்து நாலாவது பேர்."

அவள் கதவின் தாழ்ப்பாளையும் போட்டாள்.

"இலக்கத்த மாத்த ஏலாதா?"

"எதுக்கு மாத்த? திரும்ப ஆர் அம்பதுக்கு மாத்தினா, காரணம் தெரியாதவனெண்டு பிடிப்பாங்க. டெங்குக்கு மாத்தினா மறுகா டெங்குப் பட்டியல் கேப்பாங்க. எங்க ஒளிச்சாலும் தேடுவாங்க மிஸ்ஸி."

"ஆம்பிளைய ஒருத்தனும் தேடாத இடம் ஒண்டு இரிக்கி சேர்," என்றாள் ஸஹீதா. "என்ட வாட்டு."

கனகசிங்கம் அவளைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். ஓ 80. சாதாரண தனிப் பிரசவம்.

"அதுக்கு வயிறு வேணுமே?"

"உங்கட படிவத்தில வயித்துக்குக் கட்டம் இரிக்கா?"

படிவத்தை எடுத்துப் பார்த்தார். வயிற்றுக்குக் கட்டம் இல்லை. ஆணா பெண்ணா என்பதற்கும் இல்லை. அந்த இடத்தில்தான் நுளம்பு இருந்தது.

சனியும் ஞாயிறும் இருவரும் இருந்து அறுபத்து மூன்று இளைஞர்களுக்கும் பிரசவம் பார்த்தார்கள். ஸஹீதா பிள்ளைகளின் நிறையைச் சொல்ல, கனகசிங்கம் எழுதினார். இரண்டு கிலோ எண்ணூறு. மூன்று கிலோ நூறு. தம்பி அஹமட்டுக்கு மட்டும் அவள் மூன்றரைக் கிலோப் பிள்ளையைக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை லெப்டினனுக்குப் போன பட்டியலில் அந்த வயது ஆண் ஒருவரும் இருக்கவில்லை. கிழவர்களும் பெண்களும்தான் இருந்தார்கள்.

"இளைஞர்களுக்கு இந்த நோய் வருவதில்லையா?" என்று லெப்டினன் கேட்டார்.

அத்தியட்சகர் அப்போதுதான் பட்டியலைப் பார்த்தார். ஆனால் தன்னுடைய ஆஸ்பத்திரியின் தரவு தவறாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "தரவு சொல்லுது வருவதில்லை எண்டு," என்றார் கம்பீரமாக. "இது ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு. நான் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போறன்."

கட்டுரை எழுதுவதற்குள் விருது வந்துவிட்டது. யுத்தத்துக்குப் பயந்து சனம் வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரே மாதத்தில் அறுபத்து மூன்று மேலதிகப் பிரசவம். தாய் மரணம் பூச்சியம். சிசு மரணம் பூச்சியம். மாகாணத்திலேயே இப்படி ஒன்று நடந்ததில்லை என்று பிரதிப் பணிப்பாளர் மறுபடியும் ஹெலிகொப்டரில் வந்தார். பன்னீர் தெளித்து, மாலை போட்டு, சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார்.

"தாய்மாரைத் தேடி நாங்கள் போகவில்லை," என்றார் மேடையில். "தாய்மார் எங்களைத் தேடி வந்திருக்கிறார்கள். இவர்களில் ஒருவருக்குக்கூடச் சத்திர சிகிச்சை தேவைப்படவில்லை. இந்த மாவட்டத்துத் தாய்மாரின் திடகாத்திரம் எங்களை வியக்க வைக்கிறது."

கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற ஸஹீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். கனகசிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. முன்வரிசைக் கதிரை ஒன்றில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, லெப்டினன் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு முகாமில் ஒரு பிரதி, வீட்டுக் கதவின் பின்னால் ஒரு பிரதி என்று வைத்திருந்த காலம் அது. அந்த வீட்டுப் பட்டியல்களில் புதிதாக அறுபத்து மூன்று பிள்ளைகள் சேரவில்லை என்று கடிதம் சுட்டிக்காட்டியது. தாய்மார், பிள்ளைகளோடு திங்கட்கிழமை காலை பாலத்தடி முகாமுக்கு வந்து பதியவேண்டும். கடைசி வரி லெப்டினனின் கையெழுத்தில் இருந்தது: 'பிள்ளைகள் இல்லையென்றால் பிரசவமும் இல்லை. அப்படியானால் அந்த அறுபத்து மூன்று பேரும் யார் என்று நாங்கள் தெரிந்துகொள்ள முயற்சி செய்வோம்.'

அத்தியட்சகர் தாய்மாரின் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். சான்றிதழ் அவருடைய தலைக்கு மேலே சுவரில் தொங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"தாயின் பெயர், இராசதுரை. வயது இருபத்திரண்டு."

"ஓம் சேர்."

"தாயின் பெயர், முகைதீன்பாவா."

"ஓம் சேர்."

"தாயின் பெயர், அஹமட். பிள்ளையின் நிறை மூன்றரைக் கிலோ."

 வேலை போகும், அதோடு நின்றால் புண்ணியம். சிறை என்றால் எந்தச் சிறை, சிறைக்கு முன்னால் எந்த இடம் என்று கனகசிங்கத்தின் மனம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தியட்சகர் கண்ணாடியைக் கழற்றினார். தலையைத் திருப்பிச் சான்றிதழைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எழுத்துப்பிழை மிச்சம் கிடக்கு," என்றார் கடைசியில். "திருத்துங்க. ஆனா ஒரு பிள்ளைகூடச் செத்துப்போச்செண்டு எழுதப்படாது. சிசு மரணம் பூச்சியமெண்டுதான் இதைத் தந்தவங்க. கூடினாத் திரும்பக் கேப்பாங்க."

"பிள்ளையளுக்கு எங்க சேர் போற?"

"அது பதிவேட்டறையின்ட வேலை."

பிள்ளைகளுக்கு ஸஹீதா போனாள். ஏறாவூரில், ஓட்டமாவடியில், வாவிக்கரை நெடுகிலும், தான் பேறு பார்த்த வீடுகள் ஒவ்வொன்றுக்கும் போனாள். கரடியனாற்றுப் பக்கம் இராசாத்தி போனாள். என்ன சொல்லிக் கேட்டார்கள் என்று கனகசிங்கத்துக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, பாலத்தடி முகாம் முற்றத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சேலையால் தலையை மூடியவர்களும் பொட்டு வைத்தவர்களும், ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒவ்வொரு பிள்ளை. தூரத்துப் படுவான்கரையில் ஷெல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முற்றத்தின் ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வான் ஒன்று, இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது.

கனகசிங்கம், அந்தப் பெண்களின் பெயர்களைப் போட்டுத் திருத்திய பட்டியலிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.  லெப்டினன் ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'ஒன்று' என்று எழுதிக்கொண்டே வந்தார். ஒரு பிள்ளையின் முன்னால் நின்றார்.

"ஒரு மாதப் பிள்ளைக்குப் பல் இருக்கிறதே?"

"மாரிப் பிள்ளை சேர்," என்றாள் ஸஹீதா, கண்ணை இமைக்காமல். "ஈரத்துக்குச் சுறுக்கா முளைக்கும்."

அவருடைய படிவத்தில் பல்லுக்குக் கட்டம் இல்லை. அவர் கடந்து போனார். அறுபத்து மூன்றாவது பெயருக்கு நேரே எழுதி, அடியில் கோடு போட்டு, கையெழுத்தும் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி வரிசையை ஒரு தரம் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"அறுபத்து நான்கு," என்றார்.

வரிசையின் கடைசியில் ஒரு சின்னப் பெண் நின்றாள். வாகரைப் பக்கமிருந்து காட்டுக்குள்ளால் நடந்து வந்தவள். புருஷன் எங்கே என்று அவளுக்கே தெரியாது. பிள்ளைகளோடு பெண்கள் கூட்டமாகப் போவதைக் கண்டு, பால்மா கொடுக்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் வந்துவிட்டாள். அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. துவாயால் சுற்றிய பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"இந்தப் பிள்ளை யாருடையது?" லெப்டினனின் குரல் உயரவில்லை. வானின் கதவு சற்றே திறந்தது.

"இரட்டைப் பிள்ளை சேர்," என்றார் கனகசிங்கம். "ஓ 84. புத்தகத்தில இரிக்கு."

"நான் கையெழுத்து வைத்துவிட்டேன். திருத்தம் செய்ய அனுமதி இல்லை. யாருடைய பிள்ளை?"

இருபத்திரண்டு வருடமாக மூடியிருந்த வாய் எப்படித் திறந்தது என்று பின்னர் யோசித்தபோதும் கனகசிங்கத்துக்கு விளங்கவில்லை.

"என்ட பிள்ளை சேர். வீட்டில பிறந்தது. இவள் பிள்ளையத் தூக்கிவந்த வேலைக்காரப் புள்ள."

லெப்டினன் அவருடைய நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு புதிய தாள் ஒன்றை எடுத்தார்.

"பிள்ளையின் பெயர்?"

ஆணா பெண்ணா என்றுகூட கனகசிங்கத்துக்குத் தெரியாது. "செல்வம்," என்றார்.

"நல்ல பெயர். உங்கள் வீட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்போம்."

பெண்கள் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். அந்தச் சின்னப் பெண் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளையோடு எந்த பஸ்ஸில் ஏறினாள் என்று யாரும் காணவில்லை.

கனகசிங்கம் அன்று மத்தியானமே வீட்டுக்குப் போனார். சட்டையைக் கழற்றாமல் கதவின் பின்னால் ஒட்டியிருந்த பட்டியலுக்கு முன்னால் நின்று, தன் பெயருக்கும் மனைவி பெயருக்கும் கீழே 'செல்வம்' என்று எழுதினார். அடுப்படியிலிருந்து வந்த மங்கையற்கரசி, ஈரக்கையோடு நின்று பார்த்தாள்.

"ஆரிது செல்வம்?"

"நம்மட பிள்ளை."

நாற்பத்து நாலு வயது மங்கையற்கரசி அவருடைய நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கயாவது ஒரு பிள்ளை தேடோணும்," என்று முடித்தார். "மாதா மாதம் வந்து பாப்பாங்க."

"ஆம்பிளைப் பிள்ளையெண்டா எழுதின?"

"இன்னும் எழுதல்ல. அந்தக் கட்டம் வெறுமனே கிடக்கு."

மங்கையற்கரசி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள்.

"பொம்பிளைப் பிள்ளையெண்டு போடுவம்," என்றாள். "ஆம்பிளையெண்டா, பதினெட்டு வருஷத்தில திரும்பத் தேடி வருவாங்க."